பிஸ்கட் டின்னில் இருந்த பிரேக்

ஹரிபாபு நாலு பேர் முன்னால் என்னைப் பார்த்துக் கைகூப்ப வேண்டும். பதினான்கு மாதமாக எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். முப்பத்திரண்டு வயதில் மற்றவர்களுக்கு வீடு, கல்யாணம், பிள்ளை குட்டி என்று ஆயிரம் ஆசை இருக்கும். எனக்கு அவன் கைகூப்ப வேண்டும், அதை என் தம்பி ஆசிர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் லீனா. திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. வீடு சித்தூரில், பழைய மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால். தினமும் போக எழுபது, வர எழுபது கிலோமீட்டர். அதனால் கார் விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம். ஆசிர் என்னைவிடப் பெரிய பைத்தியம். இரண்டு பேரும் சேர்ந்து என் வெள்ளை போலோவின் எஞ்சினை ட்யூன் செய்து, காலை வைத்தால் பாய்கிற மாதிரி ஆக்கி வைத்திருந்தோம். பாய்ந்தால் போதுமா, நிற்க வேண்டாமா? கம்பெனி கொடுத்த பிரேக் கம்பெனி கொடுத்த வேகத்துக்குத்தான் கணக்கு. அதற்காகத்தான் திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் ஹரிபாபு வைத்திருக்கும் கடைக்குப் போனேன். முன் சக்கரம் இரண்டுக்கும் பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் சிவப்புக் கேலிப்பர், கேலிப்பருக்குள் உட்காரும் புது பேட். எல்லாவற்றையும் மாட்டியவர் அந்தக் கடையின் தலைமை மெக்கானிக் நாகையா. கார்வேட்டிநகரத்துக்காரர், ஐம்பத்தைந்து வயது, இருபது வருஷமாக அதே கடை. அவரே வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பத்துப் பன்னிரண்டு தடவை அழுத்திப் பார்த்து, "இப்ப சூப்பரா கீது பாப்பா, ஓட்டிக்கினு போ" என்று சாவியைக் கொடுத்தார்.

வீடு வரைக்கும் பிரேக் அருமையாகத்தான் இருந்தது. வாசலில் நின்றிருந்த அம்மா, "இன்னாடி, வண்டி பளபளன்னு கீது?" என்றாள்.

"வண்டி அதேதாம்மா. பிரேக்தான் புதுசு. சக்கரத்துக்குள்ள செவப்பா தெரியுது பாரு. இனிமே வண்டியோட உயிரே இதுலதான் கீது" என்று பீற்றிக்கொண்டேன். எங்கள் வீட்டு வாசல் குறுகல். இடது பக்கம் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு, டிரைவர் கதவு வழியாக இறங்கி உள்ளே போனேன்.

மறுநாள் எனக்கு வார விடுமுறை. ஆசிர் விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குக் கிளம்பினான். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணியிருந்தான். ஓட்டத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். திருப்பதி கிரவுண்டில் ஓடிப் பழகுவதற்காகப் போனான். சந்திரகிரிக்கு முன்னால் ஓர் இறக்கத்தில் எருமை ஒன்று குறுக்கே வந்தது. அதுவரை காலி ரோடு, முதல் தடவையாகப் பிரேக்கை ஓங்கி மிதித்தான். வண்டி நேராக நிற்கவில்லை, இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் சிறுபாலத்தின் சுவரில் மோதிச் சுழன்று, டிரைவர் பக்கம் கம்பத்தில் அடித்தது. ஆசிரை என் ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்தார்கள். வலது முட்டிக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. விடுமுறை என்று வீட்டிலிருந்தவள் பஸ் பிடித்து ஓடினேன்; அந்த எக்ஸ்ரேவை எடுத்தது நான். என் தம்பியின் காலை என் கையால் திருப்பி வைத்து, அவன் அலற அலற எடுத்தேன்.

காலுக்குள் கம்பி வைத்தார்கள். நடக்கிறான். ஓட முடியாது. போலீஸ் வேலை போயிற்று.

வண்டியைப் பிரித்துப் பார்த்தபோது இடது சக்கரத்து பேட் காய்ந்து சுத்தமாக இருந்தது. வலது சக்கரத்து பேட் இரண்டும் எண்ணெயில் ஊறிக் கறுத்துப் போயிருந்தன. எண்ணெய் பட்ட பேட் டிஸ்க்கைப் பிடிக்காது. வலது பிடிக்காமல் இடது மட்டும் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்காமல் என்ன செய்யும்? எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிரேக் ஆயில் வருகிற குழாயின் போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஆயில் கசிந்து பேட்டில் இறங்கியிருக்கிறது. அந்தப் பேட் இரண்டையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, நேராக ஹரிபாபு கடைக்குப் போனேன்.

"மேடம், கசிஞ்சிருந்தா வண்டியில இருக்கற பிரேக் ஆயில் டப்பாவுல ஆயில் குறைஞ்சிருக்கணும். குறையலியே. பையன் வேகமா போயிருப்பான்" என்றான் ஹரிபாபு.

வேகமா போயிருப்பானாம்! அந்த ஒரு வார்த்தை போதும். அன்றைக்கு அந்தக் கடையே அதிரும்படி கத்தினேன். அதோடு விடவில்லை. சித்தூர் திருப்பதி கார்க்காரர்கள் நானூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் ஆசிரின் எக்ஸ்ரேவைப் போட்டு, ஹரிபாபு கடையின் பெயரையும் போட்டேன். மாதம் ஒரு தடவை போட்டேன். புதிதாக யாராவது நல்ல பிரேக் கடை எது என்று கேட்டால் போதும், முதல் ஆளாகப் போய் எக்ஸ்ரேவைப் போட்டுவிடுவேன். அவன் கடை வாசலில் வண்டிகள் குறைந்துகொண்டே வந்ததை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பார்ப்பேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

அம்மாவின் வழி வேறு. என் அம்மா ஞானம்மாளுக்கு எல்லாமே ஜெபம்தான். நைனா, அதாவது அப்பா, இறந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. கன்வென்ஷன் கூட்டத்தில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய் ஒரு பாட்டில் எப்போதும் வீட்டில் இருக்கும், ஒலிவ எண்ணெயில் ஏதோ சந்தனமும் மல்லிகையும் கலந்த மாதிரி வாசனை. வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அதில் தொட்டுச் சிலுவை போட்டுவிடுவாள். ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குப் போட்டாள், மிக்சிக்குப் போட்டாள். ஆசிரின் ஹால் டிக்கெட்டிலும் போட்டாள். "இன்னாமா, போட்டோவுல என் மூஞ்சியே பஜ்ஜி மாதிரி ஆயிடுச்சு" என்று அவன் குதித்தான். விபத்து நடந்து ஒரு மாதத்தில், ஆராதனையில் கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல எழுந்து நின்றாள். "வண்டிக்கு எண்ணெய் பூசி ஜெபிச்சு அனுப்புனேன், அதனாலதான் என் புள்ள உயிரோட வந்தான்" என்று அழுதாள். சபையே அழுதது. எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு வந்தான் சரி, காலை உடைத்தவனை யார் கேட்பது?

அன்றே ஆசிரிடம் சொன்னேன். "உன் கால இப்படி ஆக்கினவங்கள நாலு பேர் முன்னாடி மன்னிப்பு கேக்க வெக்கல, நான் லீனா இல்ல. அதுவரைக்கும் திருவிருந்துக்கும் போக மாட்டேன்." எங்கள் சபையில் மனதில் ஒருவர்மேல் பகையை வைத்துக்கொண்டு அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் தொடக் கூடாது. மாதா மாதம் எல்லோரும் எழுந்து வரிசையில் போவார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அத்தனை கண்ணும் என் முதுகில் இருக்கும். இருக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

வண்டி தயாராகி வர ஒரு வருஷம் ஆயிற்று. இந்தத் தடவை பிரேக்கை நானே மாட்டினேன். சென்னையிலிருந்து டிஸ்க்கும் கேலிப்பரும் வரவழைத்து, தெரிந்தவர் ஒருவரின் வெல்டிங் ஷெட்டில் வைத்து, வீடியோ பார்த்துப் பார்த்து நான்கு நாள் வேலை செய்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் அளவு காட்டும் ஸ்பேனரால் முடுக்கி, மேலே வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டேன். போல்ட் ஒரு நூல் நகர்ந்தாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பெண் தனியாக மாட்டிய பிரேக் இது, இருபது வருஷக் கடை மாட்டியது அது என்று ஹரிபாபு வாசலிலேயே வைத்துக் காட்ட வேண்டும். அதுதான் திட்டம்.

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலையில் கார்க்காரர்கள் அந்தக் கடை வாசலில் கூடி டீ குடிப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. சனிக்கிழமை ஷெட்டிலிருந்தே வண்டியை எடுத்தேன். பக்கத்து சீட்டில் பிஸ்கட் டின்.

முன்பு நாற்பது வண்டி நின்ற இடத்தில் பதினொன்று நின்றது. நான் இறங்கியதும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வண்டியின் சக்கரத்தைக் காட்டி, "இது நான் மாட்டுனது. பாருங்க" என்றேன். டின்னைத் தூக்கிக் காட்டி, "இது இவங்க மாட்டுனது. இதையும் பாருங்க" என்றேன். ஒருவன் செல்போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தான். பிடி ராஜா பிடி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஹரிபாபு கோபப்படவில்லை. இளைத்துப் போயிருந்தான். "மேடம், பதினாலு மாசமா நான் சொல்றது ஒண்ணுதான். அது பிரேக் ஆயில் இல்ல" என்றான்.

"வேற இன்னா? பன்னீரா?" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அப்போது நாகையா முன்னால் வந்தார். "பாப்பா, ஒரு சொம்பு சுடுதண்ணி போதும். பிரேக் ஆயில் தண்ணியில கரைஞ்சுடும். வேற எண்ணெயா இருந்தா மெதக்கும். போட்டுப் பாத்துடலாம். கரைஞ்சா நான் மாட்டுனது தப்பு, உன் கால்ல விழறேன்."

பக்கத்து டீக்கடையிலிருந்து கொதிக்கிற தண்ணீர் ஒரு குண்டானில் வந்தது. டேப்பைக் கிழித்து, வலது பேட் ஒன்றை நானே போட்டேன். பதினைந்து தலைகள் குண்டானுக்கு மேலே குனிந்தன. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கறுப்புத் தூள் பிரிந்தது. அதற்குப் பின்னால் எண்ணெய்ப் பொட்டு ஒன்று மேலே வந்தது. இன்னொன்று. ரசத்துக்கு மேலே நிற்கிற மாதிரி வட்டம் வட்டமாக மிதந்தது.

நாகையா, "பாத்தியா, கரையல. இது பிரேக் ஆயில் இல்ல" என்றார். அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் வீடியோ பிடித்தவன் கேட்டான். "அப்ப இது இன்னா எண்ணெய்? எஞ்சின் ஆயிலா? கை துடைக்காம பேட்டைத் தொட்டுட்டீங்களா?"

அவ்வளவுதான். காற்று அப்படியே திரும்பிவிட்டது. ஆமாப்பா, கடையில் இல்லாத எண்ணெயா, எந்த வண்டியில் கை வைத்துவிட்டு இதில் வைத்தானோ என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஹரிபாபு குண்டானையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நாகையாவைப் பார்த்தான். "அன்னிக்கு காலையில ஏ பண்டி சேசாவு? எந்த வண்டி வேலை செஞ்ச?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்தினான்.

"சார், கை கழுவாம நான் பேட்டைத் தொட்டதே இல்ல. பிள்ளைங்க மேல சத்தியம்."

"அப்புறம் எண்ணெய் ஆகாசத்துல இருந்து வந்துச்சா? உன்னை நம்பி ஒரு வருஷமா இந்தம்மாகிட்ட சண்டை போட்டுக்கினு இருந்தேன். போ. வெளிய போ."

பிறகு ஹரிபாபு என் பக்கம் திரும்பினான். பதினைந்து பேர் முன்னால், வீடியோ ஓட ஓட, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினான். "க்ஷமிஞ்சண்டி மேடம். என் கடையில நடந்த தப்பு. உங்க தம்பிகிட்டயும் நான் வந்து கேக்கறேன்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. பொய் சொல்லவில்லை. நெஞ்சில் பதினான்கு மாதமாக ஏறி உட்கார்ந்திருந்த கல் அப்படியே இறங்கியது. அழுகை வந்தது, சிரிப்பு வந்தது. நாகையா உள்ளே போய்ச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ரோட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். போய்த் தொலையட்டும் என்று நினைத்தேன்.

பேட்டைத் திரும்ப டின்னில் வைப்பதற்காகக் குண்டானிடம் குனிந்தேன். ஆவி முகத்தில் அடித்தது.

சந்தனம். மல்லிகை.

எங்கள் ஃபிரிட்ஜ் கைப்பிடி வாசனை. ஹால் டிக்கெட் வாசனை. எந்த எஞ்சின் ஆயில் அப்படி மணக்கும்? மற்றவர்கள் டீக்கு நகர்ந்துவிட்டார்கள். நான் குண்டானைத் தூக்கி அப்படியே சாக்கடையில் கவிழ்த்தேன். பேட்டை டின்னில் போட்டு அழுத்தி மூடினேன். பஸ் ஸ்டாப்பில் நாகையா இன்னும் நின்றிருந்தார். கூப்பிடலாம் என்று வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வழியில் ஆசிர் போன் செய்தான். "அக்கா! வீடியோ வந்துச்சுக்கா. நாலு தபா பாத்துட்டேன். அந்தாளு கைய தலைக்கு மேல தூக்குறான் பாரு, அது போதும்க்கா எனக்கு. சொன்ன மாதிரியே செஞ்சுட்ட." அவன் குரலை அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் சரிடா, சரிடா என்றேன்.

சந்திரகிரி தாண்டி அந்த இடம் வந்தது. பின்னால் யாரும் இல்லை. அதே பாலத்துக்குப் பக்கத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. ஒரு விரல் கூட இடது பக்கம் போகவில்லை. நன்றாகத்தான் மாட்டியிருக்கிறேன். ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, இதுவும் கொஞ்சம் இடது பக்கம் இழுத்திருக்கக் கூடாதா என்று கொஞ்ச நேரம் கிடந்தேன்.

வீட்டு வாசலில் அம்மா பாட்டிலோடு நின்றிருந்தாள்.

"மெதுவா, மெதுவா. ஒட்டி நிறுத்து. ஆசிரு சொன்னான், அந்தாளு ஒத்துக்கினானாமே. ஸ்தோத்திரம். புது பிரேக்குக்கு ஜெபிச்சுடறேன் இரு."

"போன தபா எங்கம்மா பூசுன?" என்று கேட்டேன்.

"இங்கதான்." டிரைவர் பக்க முன் சக்கரத்தின் கம்பி இடுக்கில் விரலை விட்டுப் பளபளவென்று இருந்த டிஸ்க்கைத் தொட்டுக் காட்டினாள். "நீதானே சொன்ன, வண்டியோட உயிரே இதுலதான் கீதுன்னு. தம்பி வெடிகாலையில போறானேன்னு பயமா இருந்துச்சு. பாதி பாட்டில் ஊத்துனேன். அந்தப் பக்கம் செவுரு, கை போகல. இந்தப் பக்கம் மட்டும்தான் ஊத்துனேன். அதுக்கே கர்த்தர் என் புள்ளைய உசுரோட குடுத்தாரு."

அவள் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினேன். "கதவு மேல வெச்சா போதும்மா. சக்கரத்துல வேணாம்." எதற்கு இப்படிச் சிடுசிடுக்கிறாய் என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே விரலில் ஒட்டியிருந்த எண்ணெயால் கதவில் சிலுவை போட்டாள். சொல்லிவிடலாமா? சொன்னால் இவள் என்ன ஆவாள்? சபை நடுவில் நின்று சாட்சி சொன்ன வாய் இது. உன் பிள்ளையின் காலை உடைத்தது உன் கைதான் என்று இவளிடம் எந்த வாயால் சொல்வது? ஆசிரிடம் சொன்னாலும் நிற்காது. அவன் என் தம்பி, என்னுடைய அதே கோபம். ஒரு நாள் சோற்றில் உப்புக் குறைந்தாலும் அவளிடம் கொட்டிவிடுவான்.

நாகையா பஸ் ஸ்டாப்பில் நின்ற நிற்பு கண்ணை விட்டுப் போகவில்லை. அம்மா உள்ளே போனதும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து குரூப்பைத் திறந்தேன். வீடியோவுக்குக் கீழே எனக்கு இருநூறு கைதட்டல் வந்திருந்தது. நாகையாவின் பெயரைப் போட்டு அசிங்க அசிங்கமாகத் திட்டியிருந்தார்கள். நான் எழுதினேன்: "நாகையா அண்ணன் மேல தப்பு இல்ல. ஹரிபாபு சார் மேலயும் இல்ல. அது எங்க வீட்டு எண்ணெய். ஊத்துனது நான்தான், தெரியாம ஊத்திட்டேன். பதினாலு மாசமா அவங்களைத் திட்டினதுக்கு எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கறேன்." இரண்டு தடவை அழித்தேன். மூன்றாவது தடவை அனுப்பிவிட்டேன்.

ஐந்து நிமிடத்தில் ஹரிபாபு குரல் செய்தி அனுப்பினார். "மேடம், நாகையாவை வரச் சொல்லிட்டேன். நீங்க மட்டும் இனிமே என் கடை வாசப்படி மிதிக்காதீங்க." குரலில் கோபம் கூட இல்லை.

பிறகு உள்ளேயிருந்து அந்தக் காலடி கேட்டது. ஒரு கால் வைத்து, ஒரு கால் இழுத்து. ஆசிர் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்துக் கண்ணாடி அருகில் நின்றான்.

"நீயாக்கா?"

"ஆமாண்டா. தெரியாம..."

"பதினாலு மாசம் அந்தாளைத் திட்டிக்கினே இருந்தியே. என்னையும் திட்ட வெச்சியே."

"அம்மாவுக்குத் தெரிய வேணாம் ஆசிரு."

"சொல்ல மாட்டேன். அம்மா தாங்க மாட்டாங்க." திரும்பி இரண்டு அடி வைத்தவன் நின்றான். "இந்த வண்டி சாவிய என் கண்ணுல காட்டாத. உன் மூஞ்சியையும் காட்டாத."

மறுநாள் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. எப்போதும் போல மூன்று பேரும் ஒரே பெஞ்ச், அம்மா நடுவில். போதகர் அழைத்ததும் வரிசை வரிசையாக எழுந்தார்கள். அம்மா என் முழங்கையில் இடித்தாள். "போடி. அவன்தான் ஒத்துக்கினானே. இன்னும் யார் மேல பகை?"

"நீ போம்மா" என்றேன். யார் மேலும் பகை இல்லை, ஆனால் வாய் நிறையப் பொய் இருந்தது.

"ஆசிரு, நீயாவது வாடா."

ஆசிர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு மனசுல கோவம் கீதும்மா. நான் வரல. நீ போ."

"யார் மேலடா?"

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தனியாகப் போனாள். அப்பத்தை வாங்கினாள், ரசத்தைக் குடித்தாள். தெளிந்த முகத்தோடு திரும்பி வந்து நடுவில் உட்கார்ந்தாள். ஆசிரின் வலது முட்டிக்குக் கீழே, கம்பி இருக்கிற இடத்தில் கையை வைத்து, கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தாள். அவள் கையில் அந்த எண்ணெய் வாசனை இருந்தது.